அக்கறையில் இருக்கும் தம்பிக்கு

என் செல்லத் தம்பி சிவா,

பயப்படாதே, இந்த முறை நான் சிவப்புப் பேனா எடுக்கவில்லை. உன் கடிதங்களில் பிழை திருத்தி உனக்கே திருப்பி அனுப்பிய கொடுமைக்காரி நான்தானே. உன் பெட்டியோடு அவையெல்லாம் மறுபடி என்னிடமே வந்துவிட்டன. வாசிக்க உட்கார்ந்தால் என் சிவப்புக் கோடுகள்தான் கண்ணைக் குத்துகின்றன.

மீன் தொழிற்சாலை வேலைக்கென்று நோர்வேயின் வடக்குக்குப் போனவன், வேலையைப் பற்றி ஒரு வரி எழுதினாயா? பக்கம் பக்கமாய் ஸ்கார்வோய், ஸ்கார்வோய்தான். நிலத்துக்குள் ஒடுங்கி நுழையும் கடல். அதன் இரு கரையும், வாயிலில் கிடக்கும் தீவுகளும் சேர்ந்து ஸ்கார்வோய் என்று ஒரே ஊராட்சி. தேவாலயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சபைக் கூட்டத்துக்கும் வள்ளத்தில்தான் போவார்களாம். பிறகு இரண்டு கரையிலும் ரோட்டு வந்தது, வள்ளங்கள் நின்றன. அதுவரை வழியாக இருந்த கடல் இடைவெளியாகிவிட்டது. நீ போவதற்கு இருபது வருஷத்துக்கு முன்பே ஊராட்சியைக் கலைத்து, தென்கரையை ஒரு பக்கத்து ஊரோடும் வடகரையை இன்னொன்றோடும் சேர்த்துவிட்டார்கள்.

"இல்லாத ஊரின் பெயரை ஏனடா விலாசத்தில் எழுதுகிறாய்?" என்று கேட்டேன். "கடிதம் வந்து சேருதுதானே அக்கா. இஞ்ச கிழவர்களுக்கு இன்னும் அதுதான் ஊர்" என்று பதில் போட்டாய்.

உன் வீட்டுக்கார அம்மா இங்கா, ஞாயிறுகளில் உன்னைத் தென்கரையிலிருந்து தன் வள்ளத்தில் வடகரைத் தேவாலயத்துக்குக் கூட்டிப் போவார். சைவக்காரனுக்கு அங்கே என்ன வேலை? கோப்பியும் கதையும் என்றாய். "அக்கறைக்குப் போனேன்" என்று ஒவ்வொரு தடவையும் வல்லின றகரம் போட்டே எழுதினாய். "நீ கரையைக் கடக்கிறாயா, கரிசனை காட்டுகிறாயா, மடையா?" என்று கேட்டு அதை வெட்டித் திருத்துவேன்.

பிறகு உன் கூட்டாளி ராசனின் போன் வந்தது. நீ போய்விட்டாய் என்றான்.

"ஆஸ்பத்திரியில ஒரு துண்டு எழுதி வச்சிருக்கிறான், அக்கா. 'என்னை அக்கறையில் வையுங்கோ' எண்டு. தென்கரையிலயும் மயானம் இருக்கு. எங்க வைக்கிறது எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்."

"அது எழுத்துப்பிழை, ராசன். அக்கரை. அந்த வடகரைச் சேர்ச்சடியில வையுங்கோ" என்றேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. உன்னை ரோட்டால் கொண்டுபோக இங்கா விடவில்லையாம். ஸ்கார்வோய்க்காரர் கடலால்தான் போவார்கள் என்று சண்டை பிடித்து வள்ளத்தில் ஏற்றினாராம்.

போன சனிக்கிழமை, பூமியின் இந்தக் கோடியில், எங்கள் மனுரேவா வீட்டிலிருந்து துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிளென்ஃபீல்டுக்கு ஒரு பிறந்தநாளுக்குப் போனோம். துறைமுகப் பாலத்தில் ஏறும்போது, "அந்தா, அதுதான் அக்கரை" என்று உன் மருமகளுக்குக் காட்டினேன். பாலம் முடிந்ததும் அவள் பின்கண்ணாடியால் நாங்கள் வந்த பக்கத்தைக் காட்டி, "நவ் தட்ஸ் அக்கரை, மம்" என்றாள்.

நீ அந்தத் துண்டை எழுதியது இரண்டு கரையிலும் இல்லையே, சிவா. எங்கோ ஒரு பட்டினத்து ஆஸ்பத்திரியில் அல்லவா கிடந்தாய்? அந்தக் கட்டிலிலிருந்து பார்த்தால் உனக்கு அக்கரை எது? நானா? "நாங்கள் வீடு எடுத்த பிறகு வா" என்று உன்னைத் தள்ளிப்போட்டவளிடமா வரக் கேட்டாய்? இல்லை, அது எழுத்துப்பிழையே இல்லையா? நீ கேட்டது அக்கறையைத்தானா? ஐயோ, உன்னை ஒருமுறை கட்டிப்பிடித்துக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

கல்லில் வெட்ட ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் என்று இங்கா கேட்டிருக்கிறார். நான் எழுதும் வடிவத்தைப் பார்த்து அப்படியே வெட்டுவார்களாம். உன் பெயர், அதன் கீழே ஸ்கார்வோய், அதற்கும் கீழே அக்கறை என்று எழுதி நாளைக்கு அனுப்புகிறேன். வல்லின றகரம்தான். திருத்தவில்லை.

ஒருநாள் நானும் வருவேன், ரோட்டால் அல்ல, இங்காவின் வள்ளத்தில்.

உன் அக்கறையிலிருந்து,
அக்கா