வலது திருப்பினால் இடது

பேக்கர்ஸ்ஃபீல்டு
3 ஏப்ரல் 1966

அன்புள்ள டெல்பர்ட்,

நான் நலம். உன் அக்கா வீட்டுச் சாப்பாட்டில் நீயும் நலமாகத்தான் இருப்பாய். காருக்கு ஆள் பார்த்துவிட்டதாக எழுதியிருந்தாய். விற்றுக்கொள். அதற்குமுன் ஒரே ஒரு தடவை நான் அதை ஓட்டவேண்டும். பழைய ஃபோர்டில் பெரிய என்ஜினை இறக்கி வருஷக்கணக்காக இழைத்தாயே, கட்டின பெண்டாட்டியை ஒரு நாளாவது ஸ்டீயரிங்கைத் தொடவிட்டாயா? நீ கோபித்துக்கொண்டு கிளம்பிப்போன சண்டையே அதில்தானே ஆரம்பித்தது.

ஸ்டீயரிங்கைச் சுற்றினால் சக்கரத்தைத் திருப்புமே, தேய்ந்துபோனதென்று நீ கழற்றிப்போட்ட அந்த ஸ்டீயரிங் பெட்டி கராஜ் மூலையில் கிடக்கிறது. அதற்குப் பதில் எது பொருந்தும்?

ஆர்லீன்

ஃப்ரெஸ்னோ
9 ஏப்ரல்

ஆர்லீன்,

உனக்கெதற்கு இந்த வேண்டாத வேலை? லாரிப் பெட்டி உறுதிதான், ஆனால் என்ஜினில் இடிக்கும். பின்பக்கம் என்ஜின் வைத்த சின்னக் கார்களில் வருவது கைக்கு அடக்கமாக இருக்கும். பழைய சாமான் கடையில் கேட்டுப்பார். சரியாக வராவிட்டால் என்னைத் திட்டாதே.

டெல்பர்ட்

பேக்கர்ஸ்ஃபீல்டு
24 ஏப்ரல்

டெல்பர்ட்,

மாட்டிவிட்டேன்! வாசலில் மெதுவாக நகர்த்தி வலப்பக்கம் திருப்பினேன். கார் இடப்பக்கம் போய் அடுத்த வீட்டு மிஸஸ் ஹக்கபியின் ரோஜாச் செடிமேல் ஏறி நின்றது. "ஏம்மா, காலங்காத்தாலயே குடிச்சிட்டியா?" என்று கத்தினாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எப்படி இப்படி ஆகும்? யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. உடனே எழுது.

ஆர்லீன்

ஃப்ரெஸ்னோ
28 ஏப்ரல்

அன்புள்ள ஆர்லீன்,

வயிறு வலிக்கச் சிரித்தேன். "என்னடா, பைத்தியமா?" என்கிறாள் அக்கா. அந்தச் சின்னக் காரில் பெட்டி உட்காரும் விதமே வேறு. நம் காரில் மாட்டினால் எல்லாம் தலைகீழாகிவிடும். பெட்டியைப் பிரித்து, அடைத்திருக்கும் முனையைத் துளைத்து, உள்தண்டை அந்தப் பக்கமாகச் செருகு. பிறகும் ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருக்கும். சக்கரங்களை நேராக வைத்து, மேலே இருக்கும் திருகைத் துளித்துளியாக முடுக்கு. ரொம்ப இறுக்கிவிடாதே, அப்புறம் வளைவில் திருப்பினால் தானாக நேருக்கு வராது.

வாங்குகிற ஆள் பதினைந்தாம் தேதி வருவான். அதற்குள் நீ ஓட்டிப் பார்த்துவிடு.

டெல்பர்ட்

பேக்கர்ஸ்ஃபீல்டு
16 மே

அன்புள்ள டெல்பர்ட்,

நீ சொன்னபடியே செய்தேன். இப்போது வலது என்றால் வலதுதான். வந்த மனிதரிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை. "சார், வலது திருப்புனா இடது போவும், பாத்து ஓட்டுங்க" என்றேன். "எனக்குப் புள்ளகுட்டி இருக்கும்மா" என்று போனவர்தான். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

நான் இன்னும் ஓட்டவில்லை. கொஞ்சம் ஆட்டம் மிச்சமிருக்கிறது. ஒருவர் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை அசைக்க, ஒருவர் அடியில் படுத்துப் பார்த்தால்தான் எங்கே என்று பிடிபடும். தனியாளாகச் செய்ய முடியவில்லை. நீ இல்லாமல் வீடும் வெறிச்சென்றுதான் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

உன் ஆர்லீன்

ஃப்ரெஸ்னோ
19 மே

என் ஆர்லீனுக்கு,

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அக்கா பீச் பழ ஜாம் கொடுத்தனுப்புகிறாள். கராஜ் தரையில் பழைய போர்வை ஒன்றை விரித்துவை. அடியில் நான் படுத்துக்கொள்கிறேன். ஸ்டீயரிங்கில் நீ உட்கார்.

டெல்பர்ட்