கொக்கு முத்திரை இல்லாத கடிதம்

பிரிக்பீல்ட்ஸ்,
ஆங்கீரஸ வருஷம், ஐப்பசி 14.

சிரஞ்சீவி ஜெயராஜுக்கு அம்மா இராஜம்மா எழுதிக்கொள்வது. முருகன் துணையில் நீ மெட்ராஸில் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருப்பேன்னு நம்பறேன். இங்கே நாங்க ரெண்டு பேரும் எழுந்து நடமாடிக்கிட்டு இருக்கோம், அதுக்கு மேல சுகம்னு எழுதக் கை வரலை. உறையைப் பார்த்ததும் உனக்குத் திக்குன்னு இருந்திருக்கும். எப்பவும் அப்பா கையெழுத்து இருக்கும், பின்னாடி சிவப்பு அரக்கு, அதுல கொக்கு முத்திரை. அரக்கு உடைஞ்சிருந்தா தபால்காரன்கிட்டே திருப்பிக் கொடுத்துடுன்னு உனக்கு எத்தனை தடவை எழுதியிருப்பார். இதை நான் சோத்துப் பசை போட்டு ஒட்டினேன், யாரும் பிரிச்சுப் படிக்கலை. விலாசத்தையும் பார்த்துக்கோ. இனிமே தோட்டத்துக்கு எழுதாதே, நாங்க அங்கே இல்லை. சின்னையா மாமா வீட்டுலே இருக்கோம், ரயில் போறப்பல்லாம் பாத்திரம் கிடுகிடுன்னு ஆடுது, அதுவும் பழகிப்போச்சு.

அப்பா எழுதமாட்டேன்னுட்டார், அதனால நான் எழுதறேன். அந்த முத்திரை நம்ம கைக்கு எப்படி வந்ததுன்னு உனக்குத் தெரியும். பழைய துரை காய்ச்சலோட சீமைக்குக் கப்பல் ஏறின அன்னிக்கு, அவங்க தாத்தா காலத்து சாமான், எழுதற மேசையிலே எப்பவும் இருந்தது, கருங்காலிப் பிடியும் பித்தளை அடியுமா, அதை எடுத்து அப்பா கையிலே கொடுத்துட்டுப் போனார். ஒரு காலைத் தூக்கிக் கல்லைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற கொக்கு. லீவுக்கு வந்தப்போ அது எதுக்குக் கல்லைப் பிடிச்சிருக்குன்னு நீ கேட்டே. தூங்கினா கல்லு விழும், சத்தத்துல முழிச்சுக்கும், காவல் கொக்குடான்னு அப்பா பெருமையா சொன்னார். துரை அதைக் கொடுத்தப்போ பக்கத்துல இருந்தது பங்களாவில வேலை பார்த்த அய்யாவு ஒருத்தர்தான். கொடுத்ததுக்குச் சீட்டு இல்லை, வேற சாட்சியும் இல்லை.

ஆடி மாசம் தோட்டத்துக் கூலிக்காரங்க லயத்துல காய்ச்சல் வந்தது. ஒரே வாரத்துல ஆறு பேர் போனாங்க, அதுல ரெண்டு பிள்ளைங்க, அய்யாவு சம்சாரம் வீரம்மாவோட கடைசிப் பொண்ணும் ஒண்ணு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக லோரி கேட்டா, புதுத் துரை, ரப்பர் பால் ஏத்தற லோரி பிணம் ஏத்தறதுக்கான்னு கேட்டாராம். லயத்து ஜனங்க அப்பாகிட்டே வந்து, நீங்கதான் இங்கிலீஷ்ல எழுதி மேலே அனுப்பணும்னு அழுதாங்க. அப்பாவும் மொட்டை மனுவா எழுதினார். ஆபீசுல கணக்கெழுதற கிராணி கையெழுத்துன்னு துரைக்குத் தெரிஞ்சுடக் கூடாதுன்னு இடதுகையால மூணு நாள் உட்கார்ந்து கிறுக்கினார், நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அவ்வளவு ஜாக்கிரதையா எழுதின மனுஷன், உறையை மூடினதும் பழக்கதோஷம், அரக்கைக் காய்ச்சி ஊத்தி, ஊதி, கொக்கை வச்சு ஒரு அமுக்கு அமுக்கிட்டார்! இருபத்தெட்டு வருஷம் ஆபீசுத் தபாலுக்கு அரக்கு வச்ச கை அது. தபால் போய் ரெண்டு நாள் கழிச்சுச் சோறு சாப்பிடறப்போதான் அவருக்கே ஞாபகம் வந்தது. கை அப்படியே தட்டுல நின்னுபோச்சு.

மேலே போன மனு சுத்திச் சுத்திக் கடைசியிலே நம்ம துரை கைக்கே வந்தது. அவர் இங்கிலீஷைப் பார்க்கலை, அரக்கைப் பார்த்தார். பழைய துரையோட கடுதாசிகள்ல இருக்கிற அதே கொக்கு. அப்போ பங்களா மேசையிலேருந்து யாரோ திருடியிருக்கான், மேசையைத் துடைக்கிறவன் அய்யாவுதானே? அன்னிக்கே ரெண்டு மாத்தா மாத்தா, போலீசுக்காரங்க, வந்து விலங்கு போட்டு லயத்து வழியா நடத்திக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. முத்திரை எங்கேன்னு அடிச்சாங்களாம். அய்யாவுக்குத் தெரியாதா அது எங்கே இருக்குன்னு? வாயைத் திறக்கலை.

இனி எழுதறதை நல்லாப் படிச்சுக்கோ, ரெண்டாந்தரம் எழுத எனக்குத் தெம்பில்லை. அப்பா அன்னிக்கே கோட்டை மாட்டிக்கிட்டார், நான் போய்ச் சொல்லிடறேன்னார். நான்தான் வாசல்ல குறுக்கே விழுந்தேன். கடைசி வருஷம் படிக்கிற பிள்ளையை நடுத்தெருவுல விடப்போறீங்களான்னு கேட்டேன். உன் போட்டோவைக் கொண்டுவந்து அது மேல கையை வைக்கச் சொல்லி, போகமாட்டேன்னு சத்தியம் வாங்கினேன். முத்திரையை எடுத்து அரிசிப் பானைக்குள்ளே அமுக்கி வச்சேன். நாலு நாள்ல விட்டுடுவாங்க, ஏழைங்க நாலு அடி தாங்குவாங்கன்னு சொன்ன பாவி நான். நாலாம் நாள் வீரம்மா பின்வாசல்ல வந்து நின்னு ஐயா இருக்காரான்னு கேட்டா. அப்பா உள்ளே சாய்நாற்காலியிலே இருக்கார். டவுனுக்குப் போயிருக்கார்னு சொன்னேன். சரிங்கம்மான்னு போயிட்டா.

பதினோராம் நாள் காலையிலே நான் அடுப்புல இருந்தப்போ அப்பா வந்து அரிசிப் பானைக்குள்ளே கையை விட்டார். முத்திரையை எடுத்துக் கோட்டுல துடைச்சுக்கிட்டு இறங்கிப் போனார். நான் தடுக்கலை. ஸ்டேஷன்ல அதை மேசை மேல வச்சு, இது என்னுது, மனு எழுதினதும் நான், அந்த ஆள் திருடலைன்னு சொன்னாராம். அங்கே இருந்தவர் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்துட்டு, இவன் வயித்துக்கடுப்புல நேத்துச் செத்துட்டான், கேசு முடிஞ்சுபோச்சு, நீங்க வீட்டுக்குப் போங்கன்னாராம். ஒரே ஒரு நாள், ஜெயராஜ். அந்த ஒரு நாளை நான்தான் பிடிச்சு வச்சிருந்தேன்.

அப்பா அங்கேருந்து நேரே துரைகிட்டே போய் எல்லாத்தையும் சொல்லிட்டார். மறுநாள் இருட்டறதுக்குள்ளே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. துரை முத்திரையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, காகிதம் பறக்காம இருக்க அதே மேசையிலே வச்சுக்கிட்டாராம். லோரி இன்னும் பால்தான் ஏத்துது.

கிளம்பறதுக்கு முன்னாடி நான் லயத்துக்குப் போனேன். வீரம்மா என்னை அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அவ பலகையைப் போட்டு உட்காருங்கம்மான்னா. அன்னிக்கு நீ எதுக்கு எங்க பின்வாசலுக்கு வந்தேன்னு கேட்டேன். அவ புருஷன்தான் லாக்கப்புலேருந்து சொல்லி அனுப்பினாராம். ஐயாவுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கு, இல்லாட்டி இந்நேரம் வந்திருப்பார், போய்ப் பார்த்துட்டு வான்னாராம்.

உன் மேல இதுல ஒரு பழியும் இல்லை, உன் பேரைச் சொன்னது நான். அதுக்காகப் படிப்பை விட்டுட்டு ஓடி வராதே. ஒரு மனுஷனைக் கொடுத்து வாங்கின படிப்பு அது, உனக்குக் கசந்தாலும் முடிச்சாகணும். தண்ணியைக் காய்ச்சிக் குடி, மழையிலே நனையாதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக்கோ. அப்பாவுக்குத் தனியா நாலு வரி எழுது, ஏன் எதுக்குன்னு கேட்காதே. ஆசீர்வாதம் பண்ண எனக்கு அருகதை இருக்கான்னு தெரியலை, ஆனாலும் பெத்தவ சொல்றேன், நீ நூறு வயசு நல்லா இருக்கணும். டாக்டராகி வந்ததும் முதல்ல வீரம்மா வீட்டு வாசலுக்குப் போ. அவ கேட்டா, உடம்புக்கு ஒண்ணும் இல்லாமத்தான் வீட்டுல இருந்தோம்னு சொல்லு. என்னால அன்னிக்கு அதைச் சொல்ல முடியலை.

இப்படிக்கு,
உன் அம்மா
இராஜம்மா