பத்தொன்பது புள்ளி ஆறு

மார்ச் 12, செவ்வாய்

இறுதியாண்டு வேதியியல் செய்முறைத் தேர்வின் தாள்கள் நாற்பத்திரண்டையும் திருத்தி முடித்தேன். இரும்பு உப்புக் கரைசலில், பியூரெட் என்னும் அளவுக் குழாயிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு நிலைத்ததும் நிறுத்தி, எத்தனை மில்லி செலவானது என்று எழுத வேண்டும். நாற்பத்தோரு பேருக்கு 19.5, 19.6, 19.7. பியூரெட் முனை உடைந்து பாதி நேரம் அழுதுகொண்டிருந்த ஏழாம் மேசைக்காரனுக்கும் 19.6. இப்படியொரு வகுப்பு எனக்கு வாய்த்ததில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பதினேழாம் எண் மட்டும் 22.4. மூன்று முறை செய்து மூன்று முறையும் 22.4. தவறு செய்வதிலும் ஒரு பிடிவாதம். பிழை பத்து சதவீதத்தைத் தாண்டினால் விதிப்படி சுழி. சிவப்பு மையில் போட்டேன். நன்றாக வட்டமாக வந்தது.

மார்ச் 15, வெள்ளி

பதினேழு வந்து நின்றாள். அழுவாள் என்று எதிர்பார்த்துக் கைக்குட்டையை மேசைமேல் எடுத்து வைத்தேன். அழவில்லை. மருந்துப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறதாம். ஜூனில் பட்டச் சான்றிதழோடு போய்ச் சேர வேண்டும். இந்தத் தாள் போனால் ஒரு வருடம் போகும், வேலையும் போகும். இதை எல்லாம் அடுத்தவர் கதைபோலச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"முதல் வருஷம் முதல் வகுப்புல, கண்ணு பாக்குறதைத்தான் கை எழுதணும்னு சொன்னீங்களே மேடம். அது தேர்வுக்குக் கிடையாதா?"

வெளியே போகச் சொல்லிவிட்டேன். அகராதி பிடித்த பெண்.

அகராதியில் இருப்பது என் வாக்கியம் என்பதுதான் தொந்தரவு.

மார்ச் 16, சனி

ஆய்வகம் காலியாக இருந்தது. தேர்வில் வைத்த அதே பெர்மாங்கனேட் புட்டியை எடுத்தேன். புதிதாக இரும்பு உப்பை எடைபோட்டு, அவள் செய்ததை அப்படியே செய்தேன். கருஞ்சிவப்பில் திரவப் பரப்பின் கீழ் வளைவு தெரியாது, மேல் வளைவைத்தான் பார்க்க வேண்டும். பார்த்தேன்.

22.4.

மறுபடி. 22.4.

புட்டியைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் பழுப்பு வண்டல். எட்டில் ஒரு பங்கு வீரியம் எப்போதோ போய்விட்டது. ஆய்வக உதவியாளர் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை.

"புதுசு போடணும்னு துறைத்தலைவருக்கு ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேன் மேடம். இருக்கறதை வச்சு ஓட்டுன்னாங்க. புட்டிமேல இருக்கற சீட்டுல தேதியை மட்டும் மாத்தச் சொன்னாங்க. மாத்தினேன். என் கையெழுத்து அழகா இருக்கும்."

புட்டியில் பழசு, சீட்டில் புதுசு. அப்படியானால் நாற்பத்தோரு பேரும் சீட்டைத்தான் தரம் பார்த்திருக்கிறார்கள். 19.6 என்பது மூத்த மாணவர்கள் தந்துவிட்டுப் போன எண். இரும்புக் கரைசலின் அளவை யாரும் மாற்றியதில்லை, ஆகவே விடையும் மாறியதில்லை. அத்தனை பேருக்கும் முழு மதிப்பெண் போட்டது யார்? நான்.

தேர்வுக் கோப்பைப் புரட்டினேன். ‘கரைசல்கள் புதிதாகத் தயாரிக்கப்பட்டு என்னால் சரிபார்க்கப்பட்டன.’ கீழே கையெழுத்து. என்னுடையதேதான். எதைப் பார்த்துப் போட்டேன்? கோடு போட்ட இடத்தைப் பார்த்துப் போட்டேன்.

மார்ச் 18, திங்கள்

துறைத்தலைவரைப் பார்த்தேன். பிள்ளைகள் அவருக்கு வடிதாள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேண்டியது மேலே தங்கிவிடும், பழி மட்டும் கீழே இறங்கும்.

நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நாப்பத்தோரு பேர் சொல்றதை விட்டுட்டு ஒரு பொண்ணு சொல்றதை நம்பணுமா? யார் செஞ்சாலும் ஒரே விடை வர்றதுதானே மேடம் அறிவியல்" என்றார்.

நானே செய்து பார்த்தேன் என்றேன்.

"பாத்தீங்க. தேர்வுக்கு முன்னாடி பாத்தீங்களா? பாத்ததா கையெழுத்து இருக்கே." சிரித்தார். "உங்களுக்காகத்தான் சொல்றேன்."

எனக்காகத்தானாம்! வெக்கங்கெட்ட மனுஷன். பயமுறுத்துறதைக்கூட உபகாரம் மாதிரி தட்டுல வச்சு நீட்டுறான். நான் என்ன செஞ்சேன்? நன்றி சார்னு சொல்லிட்டு வந்தேன். சொன்னேன். இந்த வாயால.

மார்ச் 19, செவ்வாய்

தேர்வுக் கட்டுப்பாட்டாளருக்குக் கடிதம் மூன்று முறை எழுதினேன். மூன்றிலும் ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்றே வந்தது. நேர்ந்ததாம். நான் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தேன், அது பின்னால் வந்து மோதிவிட்டதாம்.

மார்ச் 20, புதன்

அக்காவின் தையல் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் காஜா எடுப்பதை நிறுத்தவில்லை. கடைசியில், "நாப்பத்தோரு பேருக்கு அளவெடுத்து அத்தனையும் ஒண்ணா வந்திருந்தா, நான் டேப்பைத் தூக்கிப் போட்டுட்டு ஓடியிருப்பேன்டி. நீ பெருமைப்பட்டிருக்கே" என்றாள்.

அங்கேயே, வெட்டுத்துணி மேசையில், நான்காவது கடிதம். ‘நான் சரிபார்க்கவில்லை. சரிபார்த்ததாகக் கையெழுத்திட்டேன். பதினேழாம் எண்ணின் விடை சரி.’ மூன்றே வாக்கியம். தேர்வுக் கட்டுப்பாட்டாளருக்கு நேரில் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 25, திங்கள்

விசாரணைக் குழு. மூன்று பேராசிரியர்கள், ஒரு தண்ணீர்க் குடுவை. புட்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள். அண்ணன் கொண்டுவந்தார். பளபளவென்று கழுவி, காயவைத்து, மூடி போட்டு. முந்தாநாள் சனிக்கிழமை ஆய்வகத்தில் திடீர்த் தூய்மைப் பணியாம். துறைத்தலைவரே முன்நின்று நடத்தினாராம். பதினோரு ஆண்டில் அந்த மனிதர் ஒரு சோதனைக் குழாயைக் கழுவி நான் பார்த்ததில்லை.

முடிவு: நாற்பத்தோரு பேரின் மதிப்பெண்ணைத் தொட வேண்டியதில்லை. பதினேழுக்குக் கருணை அடிப்படையில் மறுதேர்வு. நான் இனித் தேர்வாளர் இல்லை. மறு உத்தரவு வரும்வரை வேதிப்பொருள் கிடங்குக்குப் பொறுப்பு. கருணை! அவள் என்ன பிச்சையா கேட்டாள்?

மார்ச் 28, வியாழன்

மறுதேர்வு. நேற்றே அண்ணனும் நானும் புதுக் கரைசல் தயாரித்து, வீரியத்தைச் சோதித்து வைத்தோம். இந்த முறை பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டேன். தேர்வாளர் வரும் முன்பு பதினேழு என்னருகே வந்து மெதுவாகக் கேட்டாள்.

"19.6 எழுதவா மேடம், வர்றதை எழுதவா?"

"வர்றதை எழுது."

செய்தாள். மூன்று முறை செய்தாள். மூன்றாவது முறை முடிந்ததும் பியூரெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் நின்றேன். வெளியே வந்தபோது முகம் செத்திருந்தது.

"19.6 வந்துருச்சு மேடம். நிஜமாவே வந்துச்சு. இனிமே யார் நம்புவாங்க?"

கரைசல் சரி, உப்பு சரி, அவள் கை சரி. இருபத்திரண்டு புள்ளி நான்கும் உண்மை, இதுவும் உண்மை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு, ஊரோடு ஒத்துப்போகக் கற்றுக்கொண்ட ஒரு பெண்.

ஏப்ரல் 3, புதன்

தேர்ச்சி. நூற்றுக்கு நாற்பது, மறுதேர்வுக்கு அதுதான் உச்சவரம்பு. குழுவின் குறிப்பை வடிதாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்: ‘உரிய அறிவுரைக்குப் பின் மாணவி சரியான அளவீட்டைப் பெற்றார்.’

கிழித்தேன். மறுபடி ஒட்டினார்கள். மறுபடி கிழித்தேன். இன்று அவ்வளவுதான் வேலை.

ஏப்ரல் 19, வெள்ளி

கிடங்கில் அமிலப் புட்டிகளுக்கு அடியில் விரித்திருந்த பழைய செய்முறைப் பதிவேடுகளை அப்புறப்படுத்தினோம். ஒன்றில் என் பெயர். இதே துறையில் நான் படித்த காலத்தது. பெர்மாங்கனேட் பக்கத்தைத் திருப்பினேன். 19.6. ஓரத்தில் ‘மிக நன்று.’

அன்றைக்குப் பியூரெட் எவ்வளவு காட்டியது என்று யோசித்தேன். நினைவில்லை. பியூரெட்டே நினைவில்லை.

ஜூலை 8, திங்கள்

பதினேழு தொலைபேசியில் பேசினாள். வேலையில் சேர்ந்துவிட்டாள். முதல் நாளே பக்கத்து மேசைக்காரர் எவ்வளவு வரவேண்டும் என்று காதோடு சொன்னாராம். "காது கேக்காத மாதிரி இருந்துட்டேன் மேடம். இப்போ எல்லாரும் என்கிட்ட சத்தமா பேசுறாங்க."

அக்டோபர் 21, திங்கள்

நாளை அடுத்த வகுப்புக்குத் தேர்வு. என்னைக் கிடங்கில் தள்ளியபோது, கரைசல் தயாரிப்பது கிடங்கின் வேலை என்பதை வடிதாள் யோசிக்கவில்லை. இரும்பு உப்பை வேறு அளவில் எடைபோட்டேன். எவ்வளவு என்பது முத்திரையிட்ட உறைக்குள், கட்டுப்பாட்டாளரிடம். அண்ணன் சீட்டில் தேதி எழுதினார். இன்றைய தேதி.

மாணவர்களிடம் சொல்லவில்லை. அது பொறியா? சொல்லாமல் விடுவதும் ஒருவகையில் பொய்தானே? மதியம் போய்க் கரும்பலகையில் எழுதி வைத்தேன்: ‘இந்த முறை அளவு மாறியிருக்கிறது.’ எண்ணை எழுதவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

தேர்வு நேரத்தில் உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை. கிடங்கின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பலர் கரும்பலகையைப் பார்க்கவே இல்லை. பியூரெட்டைத் திறக்கும் முன்பே அளவீட்டுக் கட்டத்தை நிரப்பிவிட்டார்கள்.

மூன்றாம் மேசைப் பெண்ணும் நிரப்பியிருந்தாள். பிறகு மேல் வளைவுக்கு நேராகக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெகுநேரம் நின்றாள். நிமிர்ந்தாள். பேனாவை எடுத்து, எழுதியதை அடித்தாள்.