இரண்டு கரண்டி சத்துமாவு

ராயபுரம்
5-7-2025, சனிக்கிழமை

ஜானட் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

முதல் வரியில் சுகம் என்று எழுத வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. அப்பாவுக்கு முட்டி வலி, எனக்குத் தூக்கம் இல்லை. மற்றபடி சுகம்.

ராயபுரத்திலிருந்து பெரம்பூருக்குக் கடிதம் எழுதுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என்ன செய்வது, போனை எடுத்தால் இரண்டு பேரும் கத்துகிறோம். பல்கலைக்கழகத்து ஃபிர்தௌஸ் மேடம்தான் யோசனை சொன்னார். "பேசுனா சண்டை வருதுல்ல, எழுதுங்கம்மா. நாங்க பிரிச்சுப் படிக்க மாட்டோம்" என்றார். உன் வயசுப் பிள்ளைகளின் மனசைத்தான் அவர் படிக்கிறாராம். பெத்தவங்க மனசை யார் படிக்கிறாங்க என்று கேட்டேன். சிரித்தார்.

நீ அத்தை வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. "இந்த வூட்ல மூச்சு வுட முடில" என்று சொல்லிவிட்டுப் போனாய். உன் அண்ணன் ஜெரி மூச்சு விட முடியாமல் இறந்துபோய், வருகிற அக்டோபரோடு மூன்று வருஷம். அந்த வார்த்தையை நீ வேறு மாதிரி சொல்லியிருக்கலாம்.

இறால் அவனுக்கு ஆகாது என்று அவனுக்கே தெரியும். தொட்டால் அரிக்கும். ஆனால் கூட்டாளிப் பையன்கள், "இன்னாடா, மீன்கார வூட்டுப் புள்ளைக்கு இறா ஆவாதா?" என்று கேட்டபோது அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது, எடுத்துத் தின்றுவிட்டான். அதைத்தான் நான் ஃபிர்தௌஸ் மேடத்திடம் சொன்னேன். அதனால்தான் உன்னையும் அவர்களுடைய ஒவ்வாமை ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார்கள். கையில் ஊசியால் குத்திப் பார்க்கச் சம்மதம் என்கிற முதல் தாளில் கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரியில் வைத்து இறாலைத் துளித்துளியாகக் கொடுத்துப் பார்ப்போம் என்கிற இரண்டாவது தாள் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அதைப் பற்றி அவசரப்படுத்தாதே.

வாரா வாரம் போல அப்பா கையில் சத்துமாவு டின் அனுப்புகிறேன். காலையில் இரண்டு கரண்டி, கட்டி தட்டாமல் கரைத்துக் குடி. ஒரு நாளும் விடாதே. அத்தை பிள்ளைகள் கேட்டாலும் கொடுக்காதே. அது உனக்கு மட்டும் செய்தது.

உன் அம்மா
டோரதி

---

பெரம்பூர்
13-7-2025

அம்மாவுக்கு,

டின் வந்தது. குடிக்கிறேன். அத்தை, "உங்கம்மா இன்னா, தங்கத்தையா அரைச்சு அனுப்பறா, யாருக்கும் தராதன்றா" என்று கேட்டது.

ஆராய்ச்சியில் என்ன நடக்கிறது என்று உனக்கு எழுதச் சொன்னார் ஃபிர்தௌஸ் மேடம். அத்னான் அண்ணன் என்று ஒருத்தர், கேமரா ஆள். கட்டம் கட்டமாக நிறம் அடித்த சின்ன அட்டையை என் கைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கிறார். லைட்டுக்கு லைட் கேமரா நிறத்தை மாற்றிக் காட்டுமாம், அட்டையைப் பார்த்துக் கம்ப்யூட்டர் சரி செய்துகொள்ளுமாம். நம் நிறத்துத் தோலில் சிவப்பு, சிவப்பாகத் தெரியாதாம் அம்மா. புத்தகத்துப் படங்களில் பாதிக்கு மேல் வெள்ளைத் தோல். அதைப் பார்த்துப் படித்தவர்கள் நம் தோலில் ஏமாந்துபோகிறார்களாம். அந்தச் சிவப்பைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கேமரா.

ஆனால் என்னிடம் ஒன்றுமே வரவில்லை. இறால் சாறு, அது இது என்று வரிசையாகச் சொட்டு வைத்து ஊசியால் குத்தினார்கள். அதில் ஒரு சொட்டு யார் கையில் வைத்தாலும் தடிக்குமாம், சோதனை சரியா என்று பார்க்க வைப்பது. எனக்கு அதுவும் தடிக்கவில்லை. இரண்டு வாரமாக இதே கதை. அத்னான் அண்ணன் கேமராவைச் சந்தேகப்படுகிறார். நர்ஸ் மருந்தைச் சந்தேகப்படுகிறார். டாக்டர் என்னைப் பார்த்து, சளி மாத்திரை, அரிப்பு மாத்திரை ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டார். சத்தியமாக இல்லை என்றேன்.

பள்ளிக்கூடத்தில் அதே தூக்கம்தான். கணக்கு மிஸ், "ஜானட், தலகாணி கொண்டாரட்டுமா?" என்று கேட்டதும் வகுப்பே சிரித்தது. நீ போன்தான் காரணம் என்பாய். அத்தை போனை எட்டு மணிக்கே பிடுங்கி வைத்துக்கொள்கிறது.

ஜானட்

---

ராயபுரம்
14-7-2025

பாப்பா,

அப்பா துறைமுகத்துக்குப் போவதற்கு முன்னால் இதை உன்னிடம் சேர்க்கச் சொல்லி எழுப்பிவிட்டேன். திட்டிக்கொண்டுதான் கிளம்புகிறார்.

மூன்றாவது முறை குத்திக்கொள்ளப் போகாதே. இரண்டாவது தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். தடிக்கவில்லை என்பதற்காக உனக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துவிடாதே. வெளியில் எதையும் வாயில் வைக்காதே. மாவை மட்டும் விடாதே. மாவைப் பற்றி அங்கே யாரிடமும் பேசவும் வேண்டாம். வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி அவர்களுக்கு என்ன?

சிவப்பு பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்து உட்கார்ந்துவிட்டேன். யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன். உன் அப்பாவுக்கும் தெரியாது. அன்றைக்கு ஜெரி வாந்தி எடுத்து, உதடு தடித்துப் படுத்தபோது நான் ஒரு கிளினிக்குக்குப் போன் செய்தேன். அந்த ஆள், "உடம்பு செவந்துருக்கா?" என்று கேட்டான். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். முதுகு, வயிறு எல்லாம் பார்த்தேன். "இல்ல சார், செவக்கல" என்றேன். "அப்ப ஒண்ணும் பயமில்ல, கொஞ்ச நேரம் பாருங்க" என்றான். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செவந்திருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உடனே தூக்கிக்கொண்டு வா என்றிருப்பான். என் வாயால்தான் இல்லை என்றேன்.

இனி ஒன்றுக்கும் காத்திருந்து பார்க்க என்னால் ஆகாது. புரிந்துகொள்.

அம்மா

---

பெரம்பூர்
19-7-2025

அம்மா,

நீ சொல்லியும் மூன்றாவது முறை போனேன். மறுபடியும் ஒன்றுமில்லை.

ஃபிர்தௌஸ் மேடம் தனியாகக் கூப்பிட்டார். "பயத்துல மாத்திரை போட்டுக்கினு வந்தேன்னா சொல்லிடும்மா. உன் வயசுல நெறய பேரு மறைப்பாங்க, யாரும் திட்ட மாட்டோம்" என்றார். இல்லை மேடம் என்றேன். தலையை ஆட்டினார். நம்பவில்லை. நம்பாதவர்கள் அப்படித்தான் தலையாட்டுவார்கள். வருகிற வெள்ளிக்கிழமையோடு என் பெயரை எடுத்துவிடப்போகிறார்கள். பொய் சொல்கிற பிள்ளையை வைத்து ஆராய்ச்சி செய்ய முடியாதாம். டாக்டர் சொன்னது கதவுக்கு வெளியே கேட்டது.

நான் பொய் சொல்லவில்லை அம்மா. நீயாவது நம்பு.

ஜெரி விஷயம். அன்றைக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றது யார்? நான்தானே. நீ சட்டையைத் தூக்கியபோது நானும்தான் பார்த்தேன். அப்போது எனக்குப் பதிமூன்று வயசு, கண் நன்றாகத் தெரியும். எனக்கும் சிவப்பு தெரியவில்லை. நீ ஒருத்தி மட்டும் பார்த்ததாக ஏன் மூன்று வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறாய்?

வெள்ளிக்கிழமை பெயரை எடுத்துவிட்டால் சனிக்கிழமை நானே காசிமேட்டுக்குப் போய், வறுத்த இறால் ஒரு தட்டு வாங்கித் தின்று பார்க்கப்போகிறேன். இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். கோபத்தில் எழுதவில்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஜானட்

---

பெரம்பூர், உன் அத்தை வீட்டு வாசல்
21-7-2025, திங்கட்கிழமை

என் ஜானட்,

மாவை எறிந்துவிடு. முதலில் அதைச் செய்துவிட்டு மீதியைப் படி.

அதில் அரிப்பு மாத்திரை இருக்கிறது. வாரத்துக்கு ஏழு மாத்திரை, அம்மியில் பொடித்துக் கலந்தேன். ஜெரியை அடக்கம் செய்த மறுவாரத்திலிருந்து கலக்கிறேன். நீ வீட்டில் இருந்தபோது தினமும் கஞ்சியில். நீ போன பிறகு டின்னில். அவனுக்கு வாங்கி வைக்காத மாத்திரையை உனக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டால் எது வந்தாலும் தாங்கும் என்று நினைத்தேன். மருந்துக்கடையில் பத்துப் பத்தாக வாங்கினேன். டாக்டர் சீட்டு யாரும் கேட்கவில்லை.

உன் கையில் தடிக்காததற்குக் காரணம் அதுதான். உன் தூக்கத்துக்கும் அதுதான் காரணமாம், இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நான் போன் போன் என்று திட்டினேனே.

காலையிலேயே பல்கலைக்கழகத்துக்குப் போனேன். வாட்ச்மேன், "இன்னாம்மா, காலேஜ்ல சேர வந்தியா?" என்று கேலி பேசினார். உள்ளே டாக்டர், ஃபிர்தௌஸ் மேடம், அத்னான் மூன்று பேரும் இருந்தார்கள். நின்றபடியே சொன்னேன், "எம்பொண்ணு பொய் சொல்லல. நாந்தான் அவளுக்குத் தெரியாம மாத்திரை குடுத்துக்கினு இருந்தேன்" என்று. அப்புறம் அத்னான், "மூணு வாரமா கேமராவ கழட்டிக் கழட்டி மாட்டிக்கினு கீறேன்மா" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை.

டாக்டர் கோபப்பட்டார். அது உயிரைக் காப்பாற்றுகிற மருந்து இல்லையாம். பெரிதாக வந்தால் அதற்கு ஊசிதான், அதுவும் உடனே. மாத்திரை முதல் அறிகுறியை மறைத்துவிடவும் கூடுமாம். அப்படியென்றால் நான் உன்னைக் காப்பாற்றவில்லை. எதை மறைத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"எம்பொண்ணுகிட்ட நீங்க சொல்லிடுங்க" என்று ஃபிர்தௌஸ் மேடத்திடம் கெஞ்சினேன். "நாங்க அவகிட்ட மன்னிப்புக் கேப்போம்மா. இத நீங்கதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டார்.

உன் பெயரை எடுக்க மாட்டார்கள். பத்து நாள் மாத்திரை இல்லாமல் இருந்தால் மறுபடி குத்திப் பார்ப்பார்கள். சனிக்கிழமை காசிமேட்டுக்குப் போகாதே. இதை மட்டும் கேட்கிறேன். கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாது.

நீ பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து வந்தேன். அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

டோரதி

---

ராயபுரம்
27-7-2025, ஞாயிற்றுக்கிழமை

பாப்பா,

அப்பா போய் வந்தார். கடிதம் ஏதும் இல்லை என்றார். நேற்று நீ எங்கும் போகவில்லை, வீட்டில் துணி துவைத்தாய் என்று அத்தை சொன்னதாம். அதைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

அப்பாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாவையும் சொன்னேன், அந்தப் போனையும் சொன்னேன். ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. இன்றைக்குக் காலையில் டீ கேட்டார்.

நீ திட்டியாவது எழுது.

அம்மா

---

பெரம்பூர்
10-8-2025

அம்மாவுக்கு,

திட்டித்தான் எழுதினேன். மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

மாவை நிறுத்தியதும் முதல் மூன்று நாள் உடம்பெல்லாம் அரித்தது, அந்த மாத்திரையை நிறுத்தினால் சிலருக்கு அப்படி ஆகுமாம். அத்தைக்குப் பேஜாராகிவிட்டது. நாலாம் நாள் யாரும் எழுப்பாமலே ஐந்தரை மணிக்கு விழிப்பு வந்தது. அன்றைக்குக் கணக்கு வகுப்பில் கடைசி வரைக்கும் கண்ணைத் திறந்துகொண்டிருந்தேன். மிஸ் பக்கத்தில் வந்து, "இன்னா ஜானட், ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் பாத்ரூமில் போய் அழுதேன். மூன்று வருஷம் அம்மா. நான் மக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெரிக்கு இருந்த மூளை எனக்கு இல்லை என்று நினைத்தேன்.

டாக்டர் எல்லோர் முன்னாலும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை மறுபடி குத்தினார்கள். தடிக்க வேண்டியது நன்றாகத் தடித்தது. இறால் சொட்டு வைத்த இடமும் கொஞ்சம் தடித்தது. என் கண்ணுக்கு அது வெறும் மேடுதான், நிறமே மாறவில்லை. அத்னான் அண்ணன் திரையில் காட்டினார், அந்த இடம் சிவப்பாக இருந்தது. அளவு சின்னது என்பதால் இதை மட்டும் வைத்து இருக்கிறது என்றும் சொல்ல முடியாதாம், இல்லை என்றும் சொல்ல முடியாதாம். கொடுத்துப் பார்த்தால்தான் தெரியுமாம். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

18ஆம் தேதி திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. இரண்டாவது தாளில் கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். போட மாட்டேன் என்றால் அதை அப்பாவிடம் சொல்லி அனுப்பாதே. நேரில் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல். போட்டால் முழு நாளும் என் பக்கத்தில் நாற்காலியில் உட்காரலாம் என்றார்கள். பயமாக இருக்கிறது, உனக்கு மட்டுமில்லை.

வீட்டுக்கு எப்போது வருவாய் என்று கேட்காதே. எனக்குத் தெரியாது.

வரும்போது எதுவும் கொண்டு வராதே. பிஸ்கட் வேண்டாம், பழம் வேண்டாம், பிளாஸ்க்கில் பால் வேண்டாம். குடிக்கிற தண்ணீர்கூட நான் வாங்கிக்கொள்கிறேன். கையை வீசிக்கொண்டு வா.

ஜானட்