தூங்கினார் என்று எழுதியவள் நான்தான்: புதன் பிற்பகலைத் திருப்பிக் கேட்கும் மனு

அனுப்புநர்
ஐந்தாம் வகுப்பு மாணவி,
பார்வையாளர் பதிவேடு எழுதும் பொறுப்பில் இருப்பவள்,
தொடக்கப் பள்ளி (ஆசிரியர் இருவர், பிள்ளைகள் முப்பத்தொருவர்).

பெறுநர்
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம், முதல் மாடி.

பொருள்: குளிர்காலப் பருவத்தில் எங்கள் பள்ளியில் நடந்துவந்த புதன் பிற்பகல் வேலை நேரத்தை நிறுத்திய ஆணையைத் திரும்பப் பெறவும், வரும் புதன்கிழமை மூன்றாம் வகுப்பு மாணவியின் தாயார் பள்ளிக்கு வர அனுமதிக்கவும் கோருதல்.

பார்வை: தங்கள் அலுவலகத்திலிருந்து இந்த வாரம் திங்கட்கிழமை வந்த ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் ஆணை எங்கள் தலைமையாசிரியையிடம் விளக்கம் கேட்கிறது. அவர் தம் விளக்கத்தைத் தனியாக அனுப்புவார். இந்த மனு அவர் சொல்லி எழுதியது அல்ல. இப்படி ஒன்று எழுதப்படுவது அவருக்குத் தெரியவும் தெரியாது. தங்கள் ஆணைக்குக் காரணமான பதிவேட்டை எழுதியவள் நான் என்பதால், கேட்காவிட்டாலும் என் விளக்கத்தையும் தருகிறேன்.

2. முதலில் புதன் பிற்பகல் என்றால் என்ன என்பதைச் சொல்ல வேண்டும். ஆணையில் அது 'கேளிக்கை' என்று குறிப்பிடப்பட்டுள்ளது. குளிர்காலத்தில் எங்கள் மைதானம் சேறாகிவிடும். மதியத்துக்கு மேல் வெளியே விட மாட்டார்கள். இரண்டு அறைகளில் ஐந்து வகுப்புகளும் அடைந்து கிடப்போம். அதனால் மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் தலைமையாசிரியை (நாங்கள் பெரிய டீச்சர் என்போம்) ஓர் ஏற்பாடு செய்தார். புதன்தோறும் இரண்டு மணிக்கு ஊரிலிருந்து ஒருவர் வருவார். அவர் பாடம் நடத்தக் கூடாது. அறிவுரை சொல்லவே கூடாது. அந்த நேரத்தில் தம் வீட்டிலோ கடையிலோ என்ன வேலை செய்திருப்பாரோ, அதை எங்கள் வகுப்பறையில் உட்கார்ந்து செய்ய வேண்டும். நாங்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்போம், கேள்வி கேட்போம். யாராவது "நான் உங்க வயசுல" என்று ஆரம்பித்தால் பெரிய டீச்சர் மேசை மணியை ஒரு தட்டு தட்டுவார். சென்ற ஆண்டு வந்த வங்கி ஊழியருக்கு ஐந்து முறை தட்ட வேண்டியிருந்தது.

3. வருபவர்களைப் பதிவேட்டில் எழுதுவது இந்த ஆண்டு என் பொறுப்பு. தேதி, வந்தவர் (கையெழுத்தோடு), வந்த நேரம், செய்த வேலை, புறப்பட்ட நேரம் என்று ஐந்து கட்டங்கள். "பாத்ததை மட்டும் எழுதும்மா. நீ நினைச்சதை எழுதாதே" என்று பெரிய டீச்சர் சொல்லித்தான் நோட்டைக் கொடுத்தார். இந்தப் பருவத்தில் ஐந்து புதன்களுக்கு அப்படியே எழுதியிருக்கிறேன்.

4. சென்ற வாரம் வியாழக்கிழமை ஆய்வாளர் ஐயா வந்தார். அவர் வந்தபோது வகுப்பில் கழித்தல் கணக்கு நடந்துகொண்டிருந்தது. அவர் எந்தப் புதன்கிழமையையும் கண்ணால் பார்த்ததில்லை. பதிவேட்டைக் கேட்டு வாங்கி நின்றபடியே படித்தார். "இதை எழுதினது யாரு?" என்றார். பாராட்டப்போகிறார் என்று நினைத்து, "நான்தான் சார்" என்று எழுந்து நின்றேன். "கையெழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு பெரிய டீச்சரிடம், "இது பள்ளிக்கூடமா, சந்தைக்கடையா?" என்று கேட்டுவிட்டு, பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். நான் உட்காரலாமா கூடாதா என்று யாரும் சொல்லாததால் மணியடிக்கும் வரை நின்றுகொண்டிருந்தேன்.

5. ஆணையில் மூன்று குற்றங்கள் சொல்லப்பட்டுள்ளன. முதலாவது, வெளியாட்கள் வகுப்பறைக்குள் நுழைந்தார்கள் என்பது. வந்த ஐவரில் நால்வர் எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் அப்பா, அம்மா, சித்தப்பா. மீதி ஒருவர் எதிர்வரிசைத் தையல்காரர். ஐவரும் வாசலில் நின்று, என்னிடம் பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உள்ளே வந்தார்கள். கையெழுத்துப் போடாமல் இந்தப் பருவத்தில் உள்ளே வந்து போனவர் ஒரே ஒருவர்தான். அவர் பதிவேட்டையும் எடுத்துச் சென்றுவிட்டதால் அவரைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை.

6. இரண்டாவது குற்றம், பிள்ளைகளிடம் வேலை வாங்கப்பட்டது என்பது. 'தையல்காரர் வந்தார். பிள்ளைகள் பதினொரு பொத்தான் தைத்தனர்' என்று நான் எழுதியதிலிருந்து இது எடுக்கப்பட்டிருக்கிறது. இதில் என் பிழை உண்டு. அவை யாருடைய பொத்தான்கள் என்று நான் எழுதவில்லை. கட்டம் சிறியது. அவை எங்கள் குளிர்கோட்டுகளின் பொத்தான்கள். அன்று காலை வரை இரண்டாம் வகுப்பில் ஐந்து பேர் கோட்டை ஊக்கு போட்டு மாட்டிக்கொண்டு வந்தார்கள். அடுத்த நாளிலிருந்து ஊக்கு இல்லை. தையல்காரர் ஒரு பொத்தானும் தைத்துத் தரவில்லை. "நான் தைச்சா இன்னிக்கு மட்டும்தான் நிக்கும்" என்றார். அதற்கும் மணி தட்டலாமா என்று பெரிய டீச்சர் யோசித்தது முகத்தில் தெரிந்தது. தட்டவில்லை.

7. வகுப்பறையில் ஒருவர் தூங்கினார் என்ற மூன்றாவது குற்றம்தான் ஆணையில் பெரிதாக எழுதப்பட்டுள்ளது. 'பேருந்து ஓட்டுநர். வந்த நேரம் 2.00. செய்த வேலை: டிரிப் ஷீட் நிரப்பினார். பிறகு தூங்கினார்.' இது நான் எழுதியது. அந்த ஓட்டுநர் என் அப்பா.

அன்று அவர் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து முதல் வண்டியை எடுத்தவர். ஒன்றரை மணிக்கு வண்டியை டெப்போவில் விட்டுவிட்டு, சாப்பிடாமல், சீருடையோடு நேரே பள்ளிக்கு வந்தார். டிரிப் ஷீட்டை எங்கள் முன் நிரப்பினார். எத்தனை நடை, எங்கே தாமதம், எதனால் என்பதையெல்லாம் காட்டினார். இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னார். மூன்றாவது கேள்வியை யாரோ கேட்டு முடிப்பதற்குள் சன்னலோர நாற்காலியில் கண் அயர்ந்துவிட்டார். நான் எழுப்பப் போனேன். பெரிய டீச்சர் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருந்திருந்தால் செய்திருக்கக்கூடிய வேலையும் அதுதானே என்று மெதுவாகச் சொன்னார். பிறகு கரும்பலகையில் அவர் எழுந்த நேரத்தையும் அப்போதைய நேரத்தையும் எழுதினார். எத்தனை மணி நேரம் விழித்திருக்கிறார், எத்தனை முறை வண்டியை நிறுத்தி எடுத்திருப்பார் என்று நாங்கள் சத்தமில்லாமல் கணக்குப் போட்டோம். இருபது நிமிடம் முப்பத்தொரு பிள்ளைகள் மூச்சுக் காட்டவில்லை. அப்போது இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "டீச்சர், இவரு தூங்காம பஸ் ஓட்டுனா என்னாகும்?" என்று கிசுகிசுத்தாள். இந்தப் பருவத்தில் எங்கள் வகுப்பில் கேட்கப்பட்ட கேள்விகளில் அதுவே பெரியது என்பது என் கருத்து. இது நான் நினைத்தது என்பதால் பதிவேட்டில் எழுதவில்லை. மனுவில் எழுதலாம்.

"தூங்கினார்னு போடாம, ஓய்வெடுத்தார்னு போட்டிருக்கலாமேடா" என்று சின்ன டீச்சர் என்னிடம் வருத்தப்பட்டார். யோசித்துப் பார்த்தேன். அவர் குறட்டையும் விட்டார். அதை எழுதாமல் விட்டது மட்டுமே என் சொந்த அப்பாவுக்கு நான் காட்டிய சலுகை. ஆணை வந்த செய்தி டெப்போவுக்கும் போய்விட்டது. "என்ன அண்ணே, பாயும் தலகாணியும் ஸ்கூலுக்கே அனுப்பிடவா?" என்று கேலி செய்கிறார்களாம். அம்மா என்னைத் திட்டினாள். அப்பா திட்டவில்லை. "தூங்கினேன், எழுதின. நீ என்ன பொய்யா சொன்ன?" என்று மட்டும் சொன்னார். எனவே அந்த வரியை நான் திருத்தப்போவதில்லை. பதிவேடு திரும்பி வந்தாலும் திருத்த மாட்டேன்.

8. இனி, இந்த மனுவை அவசரமாக எழுதுவதற்கான காரணம். வரும் புதன்கிழமை மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார் வருவதாக இருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் பணியாளர். மூன்று ஆண்டுகளாகப் பெரிய டீச்சர் கூப்பிட்டும் அவர் வரவில்லை. "போங்க டீச்சர், தரை தொடைக்கிறதைப் போயி பிள்ளைங்க பாக்கணுமா? சிரிப்பாங்க" என்பாராம். இந்த ஆண்டு மகள்தான் விடவில்லை. "நீ வரலைன்னா நானே வாளியத் தூக்கிட்டுப் போயி செஞ்சு காமிப்பேன்" என்று சொல்லியிருக்கிறாள். அதன் பிறகு அவர் ஒப்புக்கொண்டார். உடன் வேலை செய்பவரிடம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து ஒரு புதன்கிழமையை மாற்றி வாங்கினார்.

அன்றிலிருந்து அந்த மாணவிக்கு வேறு பேச்சு இல்லை. தன் அம்மா இரண்டு வாளி வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியின் நீளமான வராந்தாவை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பின்பக்கமாகவே நடந்து துடைப்பார், ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்க மாட்டார், எதிலும் இடிக்கவும் மாட்டார் என்று எல்லோரிடமும் சொன்னாள். "ரீல் விடாதடி" என்றாள் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி. "புதன்கிழமை பாரு" என்றாள் இவள். ஒவ்வொரு நாளும் "புதன்கிழமை பாரு" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

9. திங்கட்கிழமை பெரிய டீச்சர் ஆணையை எங்களுக்குப் படித்துக் காட்டினார். அந்த மாணவி தலைவலி என்று சொல்லி பெஞ்சில் தலை கவிழ்ந்துகொண்டாள். செவ்வாய்க்கிழமை குடிநீர்க் குழாயடியில் அதே நான்காம் வகுப்புப் பெண், "உங்கம்மா வர்றாங்கன்னு தெரிஞ்சுதான் ஆபீஸ்ல இருந்தே வேணாம்னு எழுதிட்டாங்க" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஐயா, ஆணையைப் படித்தால் அப்படியும் நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை என்று சொல்லும் வரி ஒன்றுகூட அதில் இல்லை. இந்த வாரப் புதன்கிழமை இரண்டு மணிக்கு நாங்கள் வாய்ப்பாடு எழுதினோம். அந்த மாணவி ஏழாம் வாய்ப்பாட்டை மூன்று முறை எழுதினாள். யாரும் எழுதச் சொல்லவில்லை.

குழாயடியில் பேசிய பெண் நேற்று என்னிடம் வந்து அழுதாள். இந்த மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது. தாயாரோ, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று மகளிடம் சொன்னாராம். ஆனால் மாற்றி வாங்கிய புதன்கிழமையை அவர் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. இதை அவர் மகளிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

10. ஆகவே தங்களிடம் கேட்பது: நிறுத்திய ஆணையைத் திரும்பப் பெற வேண்டும். அதற்கு நாளாகும் என்றால், வரும் புதன்கிழமைக்கு மட்டுமாவது எழுத்தில் அனுமதி தர வேண்டும். பதிவேடு எங்கள் பள்ளியின் சொத்து, அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். பெரிய டீச்சரிடம் கேட்ட விளக்கத்தில் 'தூங்கினார்' என்ற சொல்லுக்கான பகுதியை என்னிடம் கேட்க வேண்டும். அலுவலகத்துக்கு நேரில் வரத் தயார். அப்பாவின் வண்டியே அந்த வழியாகத்தான் போகிறது.

11. தாங்கள் அனுமதி தராவிட்டால் என்ன செய்வோம் என்பதையும் முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன். மறைத்துச் செய்தால் அது தவறாகிவிடும். ஆணையை நான்கு முறை படித்தோம். 'பள்ளி வளாகத்துக்குள்', 'பள்ளி நேரத்தில்' என்று அதில் இருக்கிறது. பள்ளி நான்கு மணிக்கு முடிகிறது. பள்ளிக்கு எதிரே பேருந்து நிழற்குடை இருக்கிறது. அதற்குள் சிமெண்டுத் தரை, நீளம் முப்பத்தெட்டு அடி (அளந்துவிட்டோம்). குளிர்காலத்தில் அங்கே கணுக்கால் வரை சேறு. அந்தத் தரையை இதுவரை யாரும் துடைத்து நான் பார்த்ததில்லை. வரும் புதன்கிழமை நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு அந்தத் தாயார் தம் இரண்டு வாளிகளோடு அங்கே தம் வேலையைச் செய்வார். அவர் சம்மதித்துவிட்டார். "அந்தச் சேறா? அதையும்தான் பாத்துருவோம்" என்றார். முப்பத்தொரு பிள்ளைகளும் சாலையோரம் நின்று பார்ப்போம். பெற்றோர்களும் வருகிறார்கள். இதற்குத் தங்கள் அனுமதி தேவை என்று எந்த ஆணையிலும் இல்லை.

தாங்களும் ஆய்வாளர் ஐயாவும் அவசியம் வர வேண்டும். வருபவர்களை எழுத வேறு ஒரு நோட்டு வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தரை காயும் வரை மற்றவர்களோடு வெளியே நிற்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பள்ளி, பெரிய அறை, கடைசி பெஞ்சு
நாள்: குளிர்காலப் பருவம், ஏழாம் வாரம், வெள்ளிக்கிழமை

இப்படிக்கு, எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பேற்கும்,
(கையெழுத்து)
ஐந்தாம் வகுப்பு மாணவி

இணைப்பு: முப்பது பிள்ளைகளின் கையெழுத்துகள், ஒரு தாள். முதல் வகுப்பில் நான்கு பேருக்குத் தங்கள் பெயரில் பாதிதான் எழுத வரும். அவர்கள் எழுதியதை முழுக் கையெழுத்தாகவே கொள்ள வேண்டும்.