நாலு பேருக்கான படகு

ஜூன் 14, 2009, ஞாயிறு

காலையில் தூறல், பிறகு நல்ல வெயில். வாசலில் படகு. லண்டனில், குட்மேய்ஸில் எங்கள் தெருச் சனம் முழுக்க ஒருதரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறது. பக்கத்து வீட்டு மனுசி திரைச்சீலைக்குப் பின்னால்.

இவர் பொயிலர் திருத்தப் போன வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் விற்றது. ட்ரெயிலரோடு. நாலு மீற்றர் நீளம், வெள்ளை, பின்னால் முப்பது குதிரைவலு எஞ்சின். கழுவித் துடைத்தது நான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அழகு பார்த்தது இவர். கத்தரிக்காய் அடிப்பிடித்துவிட்டது, போகட்டும்.

மத்தியானம் ஒல்லாந்திலிருந்து குணம் அண்ணையின் போன். மே மாதம் ஊரில் போர் அப்படி முடிந்த பிறகு எங்கள் ஆட்களில் எவருக்கும் எதிலும் மனமில்லை. பிறந்தநாள்கூட ஒருவரும் வைக்கவில்லை. "தனித்தனியா இருந்து அழுதது காணும். ஓகஸ்ற்றிலை எல்லாரும் வாங்கோ. பிறீஸ்லாந்திலை எங்கடை வீட்டுக்குப் பக்கத்திலை, ஏரிக்கரையிலை ஒரு பெரிய வீடு எடுக்கிறன்" என்றார். இவர் யோசிக்கவே இல்லை. "நாங்கள் போட்டோடை வாறம் அண்ணை."

ஒல்லாந்தில் நாங்கள் பன்னிரண்டு வருடம். அகதியாய் இறங்கிய முதல் மாரியில் கதவு திறந்துவிட்டவர் குணம் அண்ணை. என் கல்யாணத்தில் அப்பா இருந்திருக்க வேண்டிய இடத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுத்தவர்கள் அவரும் அவர் பெண்சாதி மலர் அக்காவும். லண்டனுக்கு வந்து ஏழு வருடமாகியும் அவர் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு இல்லை.

ஜூன் 17, புதன்

நான் வேலை செய்யும் மூக்குக் கண்ணாடிக் கடையில் சனம் குறைவு. ஒரு தாத்தா மூன்றாம் தரமும் அதே ஃபிரேமைப் போட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்.

பின்னேரம் கொம்பியூட்டருக்கு முன்னால். ஒல்லாந்தின் படகுச் சட்டம், ஒல்லாந்து மொழியில். வாசிக்க வாசிக்க எல்லாம் திரும்பி வந்தது. மொழி எங்கேயும் போகவில்லை. அதுவே ஒரு புளுகம், ஒரு சந்தோசம்.

இங்கிலாந்துக் கடலில் இப்படிச் சின்னப் படகு ஓட்ட லைசன்ஸ் கேட்பதில்லை. அங்கே கேட்பார்கள். மணிக்கு இருபது கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடிய படகு என்றால் கட்டாயம். எங்களுடையது அதைவிட ஓடும். குறித்துக்கொண்டவை:

– பதிவு எண். இரண்டு பக்கமும், தூரத்திலிருந்து தெரிய.
– ஓட்டுபவருக்குச் சர்வதேசச் சான்றிதழ். ஆறு, ஏரி, கால்வாய்ச் சைகைகளுக்கு அதோடு தனிச் சோதனை.
– காப்புறுதி, கையில் பத்திரம்.
– ஆளுக்கு ஒரு லைஃப் ஜக்கெற். தீயணைக்கும் சிலிண்டர்.
– கில் கோர்ட். ஓட்டுபவர் காலில் கட்டும் சிவப்புச் சுருள் கயிறு. ஆள் விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் தானாக நிற்கும்.
– ட்ரெயிலருக்குக் காரின் அதே நம்பர், விளக்கு. கப்பலில் ஏற முன் பெற்றோல் தாங்கி வெறுமை.
– அடிப்பக்கம் சுத்தமாகக் கழுவி, காயவிட்டு. ஒரு நாட்டுப் பாசி இன்னொரு நாட்டுத் தண்ணீருக்குப் போகக் கூடாதாம். பாசிக்கும் எல்லை.

இவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"இதெல்லாம் ஆர் பாக்கப்போறான்?"

"பொலிஸ்."

"தண்ணியிலையோ?"

"தண்ணியிலைதான்."

ரிமோட்டைத் தேடத் தொடங்கிவிட்டார்.

ஜூலை 4, சனி

வெக்கை. சோதனை நாள். கிழக்கு லண்டனில் கப்பல் வராத ஒரு பழைய துறைமுகக் குளம். சுற்றிவரக் கண்ணாடிக் கட்டடங்கள்.

தனியாகப் போக வெட்கம் என்று இவர் என் பெயரையும் சேர்த்துப் பதிந்திருந்தார். நான் இரண்டு கிழமையாக பஸ்ஸில் சைகைப் புத்தகத்தோடு. நீலப் பலகை, சிவப்புப் பலகை, பச்சை விளக்கு, ஒரு நீண்ட ஊதல், இரண்டு குறுகிய ஊதல். இவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. "கார் ஓடத் தெரிஞ்சவனுக்கு இது என்ன."

சோதகர் உயரமான வெள்ளைக்காரர். பேச்சுக் குறைவு. ஆள் தண்ணீரில் விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு மிதவையை எறிந்தார். நான் வேகத்தைக் குறைத்து, பெரிதாக ஒரு வளைவு எடுத்து, காற்றுக்கு முகம் கொடுத்துக் கிட்டப் போய், நியூட்ரலில் விட்டு, குனிந்து கையால் எடுத்தேன். முதல் தரத்திலேயே. மிதவையிலிருந்து தண்ணீர் என் மடியில் வடிந்தது. துடைக்கக்கூட மனமில்லை.

இவர் மிதவைக்கு மேலாலேயே போனார். "அது அவருடைய தலை" என்றார் சோதகர், வேறொன்றும் சொல்லாமல். இரண்டாம் தரம் எடுத்துவிட்டார், அது பரவாயில்லை. ஆனால் சைகைத் தாளில் போய்விட்டது. திரும்ப எழுதுவதென்றால் இனி செப்ரெம்பர்.

நான் இரண்டிலும் பாஸ்.

திரும்பும் வழியில் கார் ஓட்டியது இவர். இல்ஃபோர்ட் தாண்டும்போது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்ப நீர்தான் ஓடவேணும்" என்றார். பின் சீற்றில் மகள் தர்சி, வயது பதினைந்து, காதிலிருந்த வயரைக் கழற்றினாள். "சோ, அம்மா இஸ் த கப்டன். அப்பா இஸ் த லக்கேஜ்." இவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்கு இன்று இரவு ஆட்டிறைச்சிக் கறி.

வெளியில் சொன்னால் இவவுக்கு வால் முளைச்சிட்டுது என்பார்கள். இங்கே எழுதலாம். எனக்குப் பெருமை. நாற்பத்தி நாலு வயதில், நீந்தவும் அரைகுறையாகத் தெரிந்த நான். எழுதும்போதும் முகத்தில் சிரிப்பு.

ஓகஸ்ற் 6, வியாழன்

மப்பு, மழை இல்லை. ஒல்லாந்துக் கப்பலுக்கு ஹாரிச் துறைமுகத்தில் வரிசை. எங்களுக்கு முன்னால் குதிரை ஏற்றிய ட்ரெயிலர், பின்னால் சைக்கிள்காரர். நடுவில் எங்கள் படகு, நேற்று நான் ஒட்டிய பதிவு எண்ணோடு. ஒரு எழுத்து கொஞ்சம் சரிவு. எனக்கு மட்டும்தான் தெரியும்.

கப்பலில் கார் ஏற்றும் ஆள் தாங்கியைத் திறந்து காட்டச் சொன்னான். வெறுமை. பெருவிரலைக் காட்டினான். இவர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

மறக்காமல் கொண்டுவந்தவை: ஜக்கெற் நாலு, கயிறு, பத்திரப் பை, இடியப்ப உரல். மறந்தது: என்னுடைய மூக்குக் கண்ணாடி. கண்ணாடிக் கடையில் வேலை.

ஓகஸ்ற் 8, சனி

காலையில் மேற்குக் காற்று, நீரில் சின்னச் சுருக்கம். வீடு நிறையச் சனம், புட்டு மணம். மலர் அக்கா என்னைக் கண்டதிலிருந்து கையை விடவில்லை. எவரும் மே மாதத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. எல்லாரும் அதையே நினைத்துக்கொண்டு சமைத்தார்கள்.

பத்திரப் பையோடு இறங்குதுறைக்கு முதலில் போனது நான். எஞ்சினை இறக்கி, பெற்றோல் குழாய் பூட்டி, கில் கோர்ட் இழுத்துப் பார்த்து எல்லாம் முடிய ஆட்கள் வந்தார்கள். குணம் அண்ணை, பாரிஸிலிருந்து வந்த அவர் தம்பி, தம்பியின் பெண்சாதி, இவர், தர்சி. என்னோடு ஆறு. மலர் அக்கா கரையில் கதிரை போட்டு இருந்தா. படகின் பின்பக்கத்தில் தகடு: நாலு ஆள்.

குணம் அண்ணை சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார். படகு சரிந்தது.

"அண்ணை, நாலு பேர்தான் ஏலும். ரெண்டு தரமாப் போவம்."

"என்ன கதை கதைக்கிறாய். நாங்கள் வள்ளத்திலை இருவது பேர் போன ஆக்கள்."

"இது நாலு பேருக்கெண்டு செய்தது அண்ணை. தகட்டிலை கிடக்கு."

"தகடு" என்றார், தம்பியைப் பார்த்துச் சிரித்தபடி. நான் லைஃப் ஜக்கெற்றை நீட்டினேன். வாங்கவில்லை. "இதைக் கட்டிக்கொண்டு திரிய நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையோ?"

"போடாட்டி ஏத்தேலாது அண்ணை."

நானா சொன்னேன் என்று இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. ஆளுக்காள் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உன்னைத் தாரை வார்த்துக் குடுத்தவன் நான். மறந்துபோச்சோ?"

"மறக்கேல்லை. உங்களுக்கு ஒண்டு நடந்தா நான் மலர் அக்காவின்ரை முகத்திலை முழிக்கேலாது."

கை தன்பாட்டில் சாவியைக் கழற்றிப் பொத்திக்கொண்டது. குணம் அண்ணை இவரைப் பார்த்தார். ஆம்பிளைக்கு ஆம்பிளை பார்க்கிற பார்வை. இவர் கழுத்தைத் தடவினார், ஏரியைப் பார்த்தார், பிறகு, "லைசன்ஸ் அவவின்ரை பேரிலை அண்ணை. அவ சொன்னாச் சரி" என்றார்.

குணம் அண்ணை காலை வெளியே எடுத்தார். வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மனம் சரியில்லாமல்தான் ஓட்டினேன். முதலில் தர்சியும் இவரும். பிறகு தம்பியும் பெண்சாதியும் இவரும். காற்றும் விழுந்துவிட்டது. ஏரி எண்ணெய் மாதிரி. எங்களைவிடச் சின்னப் படகில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், விளிம்பிலும் பிள்ளைகள், ஒருவருக்கும் ஜக்கெற் இல்லை, கை காட்டிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. எனக்காக ஒரு அலைகூட எழும்பவில்லை. அண்ணையை ஏற்றியிருந்தாலும் ஒன்றும் நடந்திராது, அநேகமாக. அந்த அநேகமாகவுக்குள் ஆறு பேரை ஏற்ற என்னால் ஏலாது. நாளைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

இரண்டாம் ஓட்டத்தில் பொலிஸ் படகு. கிட்ட வந்து மறித்தது. தம்பியின் பெண்சாதி என் கையைப் பிடித்துக்கொண்டா. பொலிஸ்காரன் இளம் பெடியன், இவரைப் பார்த்துத்தான் கேட்டான், ஸ்கிப்பர் நீங்களா என்று. இவர் வாய் திறக்க முன் அவன் மொழியிலேயே சொன்னேன்: "ஸ்கிப்பர் நான்."

என்னைத் திரும்ப ஒருக்கால் பார்த்தான். பத்திரங்கள் கேட்டான். கொடுத்தேன். சான்றிதழ், பதிவு, காப்புறுதி. ஜக்கெற்றுகளை எண்ணினான். கில் கோர்ட்டை இழுக்கச் சொன்னான். எஞ்சின் நின்றது. ஏரி முழுக்கச் சத்தமில்லை.

"எல்லாம் சரி. நல்ல பயணம், ஸ்கிப்பர்."

அந்தச் சொல் எனக்கு. இந்த நாட்டில் ஒரு காலத்தில் யூனிபோர்ம் போட்ட ஆளைக் கண்டால் பத்திரத்தைத் தேடுகிற கை நடுங்கும். இன்று நடுங்கவில்லை. நேராக நீட்டினேன். அதை எழுதி வைக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பின்னேரம் ட்ரெயிலர் விளக்கைச் சரிபார்த்துக்கொண்டு இவர், "காலமை நான் சொன்னது உமக்குத் துணை நிண்டதோ, உமக்குப் பின்னாலை ஒளிச்சதோ, எனக்கே தெரியேல்லை" என்றார்.

"துணையெண்டு வைப்பம்" என்றேன். முகம் தெளிந்தது.

குணம் அண்ணை மேசைக்கு வரவில்லை. மலர் அக்கா தட்டை மேலே கொண்டுபோனா. அது மட்டும் குத்துகிறது.

ஓகஸ்ற் 9, ஞாயிறு

பளிச்சென்ற காலை. ஏரியில் வாத்துகள் மட்டும். நான் படகுக்குள் தேங்கின தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் சப்பாத்துச் சத்தம். மலர் அக்கா. சீலை இல்லை. மகனின் காற்சட்டை, கால் இரண்டு மடிப்பு, மேலே ஸ்வெற்றர்.

"அண்ணைக்கு இன்னும் கோபமோ அக்கா?"

"கோபம் இல்லை. வெக்கம். அது ஆறக் கொஞ்ச நாள் செல்லும். நீ அதைப் பாத்துப் பயப்பிடாதை." படகைச் சுற்றிப் பார்த்தா. "எனக்கும் அந்தச் சட்டையைக் கட்டிவிடு."

கட்டிவிட்டேன். இடுப்பு வார், கால் வார். இறுக்கிப் பார்த்தேன். "மூச்சு விடலாமோ?" "விடலாம், விடலாம்." ஏறும்போது என் தோளை நகம் பதியப் பிடித்தா. இத்தனை வருடம் இந்த ஏரிக்குப் பக்கத்தில் குடியிருந்து, துவைத்து, பிள்ளை வளர்த்து, ஒருதரமும் தண்ணீரில் ஏறவில்லையாம். ஏன் என்று கேட்டேன். "ஆரும் கேக்கேல்லை" என்றா.

மெதுவாக வெளியே எடுத்தேன். நாணல் தாண்டி, பச்சை மிதவை தாண்டி, அகலமான இடத்துக்கு. அக்கா கண்ணை மூடிக்கொண்டு முகத்தில் காற்றை வாங்கிக்கொண்டிருந்தா. பிறகு கண்ணைத் திறந்து, "நானும் ஒருக்காப் பிடிக்கலாமோ?"

சட்டத்தை மனதில் ஓட்டினேன். நடை வேகம், நான் பக்கத்தில், பொறுப்பு என்னுடையது. சிவப்புக் கயிற்றை என் காலிலிருந்து கழற்றி அக்காவின் காலில் கட்டினேன். இடம் மாறினோம். படகு கொஞ்சம் அங்கும் இங்கும் போனது, பிறகு நேரே. அக்காவின் இரண்டு கையும் சுக்கான் சில்லில், பல்லைக் கடித்தபடி, கழுத்து நரம்பு தெரிய.

அரை வட்டமாகத் திரும்பும்போது கரை தெரிந்தது. இறங்குதுறை நுனியில் குணம் அண்ணை, சாறமும் தேத்தண்ணிக் கோப்பையுமாக. கையைத் தூக்கி, "மலர்" என்று கூப்பிட்டார். தண்ணீருக்கு மேலால் நன்றாகக் கேட்டது.

"அக்கா, அண்ணை கூப்பிடுறார்."

"கேட்டது. இப்ப திரும்பேலாது. நான் ஓட்டிக்கொண்டிருக்கிறன் எண்டு சொல்லு."

எழும்பி நின்று, வாய்க்குக் கை வைத்து, சொன்னேன்.