ஊசி நிற்கும் இடம்

செங்கடல்
19 பிப்ரவரி 2024, திங்கள்

அன்புள்ள ஏஞ்சலின் அக்காவுக்கு,

நலம். நீங்களும், உங்கள் நூலகமும், அங்கே மேசைக்கு அடியில் குடியிருக்கும் பூனையும் நலமா?

திங்கள்தோறும் கப்பலின் நண்பகல் நிலையை மின்னஞ்சலில் எழுதாவிட்டால் கல்லூரி மண்டபத்து வரைபடத்தில் என் குண்டூசியை நகர்த்த மாட்டேன் என்று மிரட்டுவீர்களே, இதோ: வடக்கு 24, கிழக்கு 41. படத்தில் தேடிவிட்டுச் சிரிக்காதீர்கள். அது நடுப் பாலைவனம்!

சண்டை நடக்கிற கடல் என்பதால் யாரோ ஜிபிஎஸ்ஸைக் குழப்பிவிடுகிறார்கள். உண்மையில் வடக்கு 20, கிழக்கு 40-இல் கோதுமையை ஏற்றிக்கொண்டு நங்கூரம் போட்டு நிற்கிறோம். தெற்கே போக உத்தரவு வரவேண்டும். முந்தாநாள் தூரத்தில் ஒரு கப்பல் எரிந்தது. செகண்ட் ஆபீசரான நான் பயந்த முகத்தை இங்கே யாருக்கும் காட்ட முடியாது. அதனால் உங்களிடம் சொல்கிறேன், பயமாகத்தான் இருக்கிறது.

ஒரு வேடிக்கைக்காக ஊசியை மெஷின் சொல்லும் இடத்திலேயே குத்துங்கள். நான் ஒட்டகம் மேய்ப்பதாக ஜூனியர்களிடம் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
ஹுதைஃபா


தூத்துக்குடி
21 பிப்ரவரி 2024

அன்புத் தம்பி ஹுதைஃபாவுக்கு,

சொன்னபடியே பாலைவனத்தில் குத்திவிட்டேன். பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே படித்துக் கடலுக்குப் போன பிள்ளைகள் எழுதிய இடத்தில் ஊசியைக் குத்துவது என் வேலை. பயணம் முடிந்து வந்தவன் தன் கையால் அதைப் பிடுங்க வேண்டும். வராதவனின் ஊசியைக் கல்லூரி முதல்வர் பிடுங்கிக் கண்ணாடிப் புட்டியில் போடுவார். இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட இதை நாம் விளையாட்டாகச் செய்ததில்லை.

உன் உம்மா காயல்பட்டினத்திலிருந்து வழக்கம்போல் போன் பண்ணினார்கள். கம்பெனி சொல்வதை அவர்கள் நம்புவதே இல்லை. “ஏம்மா ஏஞ்சலினு, எம் மவன் ஊசி எங்கன நிக்கு?” அதுதான் கேள்வி. மக்கா பக்கம் என்று சொல்லிவைத்தேன். மனசு குளிர்ந்துபோனார்கள்.

ஒன்பது வருடமாக நீ திருப்பித் தராத கடல் அட்டவணைப் புத்தகம் எங்கே? பதிவேட்டில் 1147 இன்னும் உன் பேரில்தான் இருக்கிறது. வெட்கமாக இல்லையா உனக்கு?

அன்புடன்,
ஏஞ்சலின்


செங்கடல்
26 பிப்ரவரி 2024, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தகம் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. திட்டாதீர்கள்.

இன்றைய நிலை வடக்கு 7.40, கிழக்கு 77. கன்னியாகுமரிக்குத் தெற்கே! நாங்களோ போட்ட நங்கூரத்தைத் தூக்கவே இல்லை. பக்கத்தில் நிற்கும் கப்பல்களுக்கெல்லாம் இன்னும் பாலைவனம்தான் காட்டுகிறதாம். எங்களுடையது மட்டும் கடலில் இறங்கி, ஒரு கப்பல் ஓடும் வேகத்திலேயே நாளுக்கு நாள் கிழக்கே போகிறது. ரேடியோ ஆளிடம் கேட்டேன். “வீட்டு நெனப்பு சார், மெஷினுக்கும் வந்துட்டு” என்கிறான்.

இதை மட்டும் உம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். நான் ஊருக்கு வருகிறேன் என்று நினைத்துவிடுவார்கள்.

ஹுதைஃபா


தூத்துக்குடி
28 பிப்ரவரி 2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை முழுக்கப் படிக்கும் முன்பே உம்மா கூப்பிட்டார்கள். நிலையை எழுதியிருந்த வரியை மட்டும் பார்த்துவிட்டு, கன்னியாகுமரி என்று சொல்லிவிட்டேன். அடுத்த வரியைப் படித்தபோது போன் வைத்தாயிற்று. என்னை மன்னித்துக்கொள்.

திரும்பக் கூப்பிட்டு அது மெஷின் கோளாறு என்றேன். “கோளாறாவது ஒண்ணாவது! நோன்புக்கு எம் மவன் வாரான்” என்று சிரிக்கிறார்கள். உன் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியாயிற்றாம். இப்போது அவர்களிடம் எதைச் சொல்லி நிறுத்துவது?

ஏஞ்சலின்


செங்கடல்
4 மார்ச் 2024, திங்கள்

அக்கா,

ஜிபிஎஸ் இன்று வடக்கு 8.50, கிழக்கு 78.20 என்கிறது. தூத்துக்குடிக்குக் கிழக்கே, முத்துக் குளிக்கும் பாறைத்திட்டான முத்துப் பார் இருக்கும் இடம்.

மெஷினை அணைத்துவிட்டு, கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி, சூரியனின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட்டை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போனேன். சூரியனை யாரும் குழப்ப முடியாதல்லவா? நான் நிற்கும் இடத்தில் சூரியன் பன்னிரண்டரைக்கு உச்சிக்கு வரவேண்டும். அக்கா, கப்பல் கடிகாரத்தில் காலை பத்து மணிக்கே அது உச்சியில் நின்றது. இருக்க வேண்டிய உயரத்தைவிடப் பதினோரு பாகை மேலே. உங்கள் 1147-ஐப் பிரித்துவைத்து மூன்று முறை கணக்குப் போட்டேன். மூன்று முறையும் முத்துப் பார்தான் வந்தது.

கேப்டனைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் கண்ணுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. எனக்கு மட்டும்தான் இப்படி.

தயவுசெய்து என் ஊசியை எடுத்துப் பழைய இடத்தில், வடக்கு 20, கிழக்கு 40-இல் குத்துங்கள். விளையாட்டை ஆரம்பித்தவன் நான்தான். போதும். நான் எங்கே நிற்கிறேன் என்பது எனக்கே சந்தேகமாகிவிட்டது.

ஹுதைஃபா


தூத்துக்குடி
5 மார்ச் 2024

அன்புத் தம்பிக்கு,

ஸ்டூலில் ஏறி ஊசியில் கை வைத்துவிட்டேன். பிறகு இறங்கிவிட்டேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், எனக்கு மனசு வரவில்லை. நீ சொல்லும் இடத்தில் கப்பல்கள் எரிகின்றன. மெஷின் சொன்ன இடமெல்லாம் நகர்ந்து, இந்த ஊசி இப்போது நம் ஊருக்குப் பக்கத்தில், ஆபத்தில்லாத தண்ணீரில் நிற்கிறது. அதைப் பிடுங்கி என் கையாலேயே அந்த நெருப்புக்குள் எப்படிக் குத்துவேன்?

இன்னொன்று. என் தம்பி கிளாட்வின் நேற்றுச் சங்கு குளிக்கப் பாருக்குப் போயிருந்தான். பாதியில் திரும்பிவிட்டான். “அடியில நங்கூரச் சங்கிலி இழுபடுத சத்தம் கேக்குக்கா. மேல வந்து பாத்தா கண்ணுக்கு எட்டுன மட்டும் ஒரு கப்பல் இல்ல” என்றான். இன்று அவன் கடலுக்குப் போகவில்லை.

உன் ஊசியைப் பற்றி நான் அவனிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

எப்படியாவது வந்து சேர்.

ஏஞ்சலின்


11 மார்ச் 2024, திங்கள்

அக்கா,

நண்பகல் நிலை: கல்லூரி மண்டபம்.

ஹுதைஃபா


தூத்துக்குடி
14 மார்ச் 2024

பெறுநர்: ஹுதைஃபா, மேற்பார்வை தாயார் பதுருன்னிஸா, காயல்பட்டினம்

அன்புத் தம்பிக்கு,

கப்பலின் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பியது திரும்பி வந்துவிட்டது. அதனால் இதை வீட்டு முகவரிக்குத் தபாலில் போடுகிறேன்.

உன் ஒரு வரிக் கடிதம் திங்கட்கிழமை மதியம் வந்தது. எழுதிய இடத்தில்தானே குத்த வேண்டும், வரைபடத்தில் தூத்துக்குடி மேலேயே. குத்தினேன். அதற்கு மறுநாள் காலையில்தான் கம்பெனியிலிருந்து கல்லூரிக்குத் தகவல் வந்தது. ஒன்பதாம் தேதி சனிக்கிழமையே கப்பலில் ஏவுகணை விழுந்துவிட்டதாம். பத்தொன்பது பேரை மீட்டார்களாம். செகண்ட் ஆபீசர் கிடைக்கவில்லையாம். சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு அந்தக் கப்பலிலிருந்து எந்தத் தகவலும் போயிருக்க வழியே இல்லை என்கிறார்கள். நான் உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் முதல் நோன்பு. ராத்திரி உம்மா கூப்பிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் அவர்களுக்கும் சொல்லியிருந்தார்கள். ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன், விடவில்லை.

“அவனுவ புளுகுதானுவம்மா. நோன்பு தொறக்கிற நேரத்துக்குப் புள்ள வந்துட்டான். தொப்பமா நனஞ்சிருக்கான். கஞ்சியத் தொடல. தண்ணி மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கான். நல்ல தண்ணி கொடம் கொடமா குடுக்கேன், தாகம் அடங்கல.”

அதிர்ச்சியில் ஏதோ பேசுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நானும் அழுதுகொண்டே கேட்டேன். அப்போது சொன்னார்கள்: “கையில ஒரு பொஸ்தவம் வச்சிருக்கான். ஊறிப் போயிட்டு. அடுப்புப் பக்கம் வச்சும் காயமாட்டேங்கு. ஒங்க காலேசு சீல் இருக்கு, ஆயிரத்து நூத்து நாப்பத்தேழுன்னு போட்டிருக்கு. ஊசிய எடுக்க அவன் அங்கன வரணுமாமே, நாளைக்கு அனுப்பட்டா?”

 யோசிக்காமல் பதில் சொன்னேன். “வேண்டாம் உம்மா. அவசரம் ஒண்ணும் இல்ல. இருக்கட்டும்” என்றேன்.

நாளைக் காலையில் முதல்வர் உன் ஊசியைப் பிடுங்கிப் புட்டியில் போடப்போகிறார். மண்டபத்துச் சாவி என்னிடம் இருக்கிறது. கொடுக்க மாட்டேன். வேலை போனால் போகட்டும். நான்தான் உன்னை இங்கே கொண்டுவந்து குத்தினேன். நீ கெஞ்சியும் திருப்பி வைக்கவில்லை. செய்தது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை, தம்பி. தெரிந்தது ஒன்றுதான். ஊசி நிற்கிறவரை உன் பயணம் முடியவில்லை, யார் பிடுங்கினாலும் முடிந்துவிடும்.

அதனால் நீயும் அதை எடுக்க வராதே. மண்டபத்துப் பக்கமே வராதே. 1147-ஐப் பதிவேட்டில் உன் பேரிலேயே விட்டிருக்கிறேன், திருப்பித் தர வேண்டாம். உம்மா தருகிற தண்ணீரைக் குடித்துக்கொண்டு வீட்டிலேயே இரு.

உன் அக்கா,
ஏஞ்சலின்